நீரிலிருந்து பிறந்த வாயாடிகள்

ஓயாமல் பேசுபவரைக் கண்டால் 'மடை திறந்தாற்போல் கொட்டுகிறார்' என்பது காவிரிப் படுகையில் எங்களுக்கு இயல்பாக வரும் பேச்சு. கல்லணையைக் கடந்து வாய்க்கால்தோறும் தண்ணீர் இறங்கும் ஓசையில் வளர்ந்த எனக்கு, நிலையான ஆறே இல்லாத அரேபியப் பாலையின் மொழியும் வாயாடிக்கு நீரிலிருந்தே பெயர் எடுத்திருப்பது தீராத வியப்பைத் தருகிறது.

அரபியில் வாயாடியை 'ஸர்ஸார்' என்பார்கள். நீர் பொங்கும் ஊற்று, பெருமழை கொண்ட மேகம், மடியில் பால் மிகுந்த பெண் ஒட்டகம் ஆகிய மூன்றையும் பழைய அகராதிகள் இச்சொல்லின் குடும்பத்தில்தான் வைக்கின்றன. பாலையில் இவற்றைவிடப் பெரிய செல்வம் எது? ஈராக்கில் டைகிரீஸுக்கும் யூப்ரடீஸுக்கும் இடையே உள்ள ஓர் ஓடைக்கும் இதே பெயர் உண்டு. 1956இல் சமாரா கதவணை திறக்கப்பட்டபின், பாக்தாதைக் காப்பதற்காக டைகிரீஸின் வெள்ளம் அந்த ஓடையின் பள்ளத்துக்குத் திருப்பப்பட்டு, இன்று அது பேரேரியாக விரிந்து கிடக்கிறது.

என்னை மேலும் ஈர்த்த சொல் 'முதஃபைஹிக்'. மறுமையில் தம்மிடமிருந்து மிகத் தொலைவில் இருப்பவர்களாக நபிகள் நாயகம் (ஸல்) குறிப்பிட்டவர்களுள் ஸர்ஸார்களோடு இவர்களும் உண்டு என்று திர்மிதீ தொகுத்த நபிமொழி சொல்கிறது. யார் இவர்கள் என்று தோழர்கள் கேட்டபோது, பெருமையடிப்பவர்கள் என்று விடை வந்தது. இச்சொல்லின் வேரான 'ஃபஹ்க்' என்பதற்கோ விளிம்புவரை நிறைந்து ததும்புதல் என்றே பொருள். நபிகளின் காலத்தை ஒட்டி வாழ்ந்த அஃஷா என்னும் கவிஞர், ஒரு குடும்பத்தின் விருந்தோம்பலைப் புகழும்போது, அவர்களுடைய உணவுத் தாலம் நீர்த்தொட்டியைப் போல் ததும்புகிறது என்று இதே வேரைத்தான் ஆள்கிறார். தாலம் ததும்பினால் கொடை, வாய் ததும்பினால் செருக்கு என்று ஒரே வேர் இரு திசைகளில் கிளைத்திருப்பதை அரபு மொழியின் நுட்பங்களுள் தலையாயதாக நான் கருதுகிறேன்.

எல்லாச் சொற்களும் நீரைச் சார்ந்தவையல்ல. 'மிக்ஸார்' என்பது வெறும் மிகுதியிலிருந்து வந்தது; அத்தகையவரை இரவில் விறகு பொறுக்குபவருக்கு ஒப்பிடும் பழமொழி ஒன்றுண்டு, இருட்டில் விறகோடு பாம்பையும் சேர்த்து அள்ளிவிடுவார் என்பதால்.

ஆயினும் 'பக்பாக்' என்ற சொல் என்னை மறுபடியும் நீருக்கே அழைத்து வருகிறது. குவளையை நீரில் அமிழ்த்தும்போது எழும் 'பக்பக்' ஓசையே வாயாடியின் பெயராகியிருக்கிறது. தண்ணீருக்கும் பேச்சுக்கும் பொதுவாக நாம் வைத்திருக்கும் 'சளசள' என்பதும் அதே வழியில் பிறந்ததுதான்.