ஆறு பேரும் அடியாட்களானா?

போகிமான் வீடியோ கேம்ல டபுள்ஸ் டோர்னமெண்டுக்கு, அதாவது ஒரு பக்கத்துக்கு ரெண்டு போகிமான் சேர்ந்து நின்னு மோதுற போட்டிக்கு, மூணு நாளா டீம் போடுறேன். ஆறு பேரைக் கூட்டிட்டுப் போகலாம், ஒரு ஆட்டத்துல நாலு பேர்தான் இறங்க முடியும். வழக்கம்போல ஆறும் அடியாட்கள்! தம்பி பார்த்துட்டு, "அண்ணே, எல்லாரும் பந்தியில உட்கார்ந்துட்டா யாரு பரிமாறுறது?"ன்னான். பய பேச்சு!

2014 உலகச் சாம்பியன்ஷிப்ல தென் கொரியாவின் செ ஜுன் பார்க், யாரும் சீண்டாத பச்சிரிசுங்கிற குட்டி அணிலை இறக்கினார். அதோட முக்கிய வேலையே 'ஃபாலோ மீ' போட்டு, எதிரியோட அடியைத் தன்மேல இழுத்துக்கிறது. கூட நிக்கிற கியாரடோஸ்ங்கிற போகிமானுக்கு மின்சாரம்னா ஆகவே ஆகாது. அணிலுக்கோ ஷாக் அடிச்சா உடம்பு தேறும். கோப்பையை அவர்தான் தூக்கினார்.

என் அடியாட்கள்ல ஒரு டிராகனைக் கழட்டிவிட்டாச்சு. அந்த இடத்துக்கு அடிவாங்கி ஒருத்தனைத் தேடிட்டிருக்கேன்.