ஆறு ஆல்பங்களை விட்டுவிட்டுப் போனது

முதல் ஆறு ஆல்பங்களின் பதிவுகளை பிக் மெஷின் என்ற லேபிளிடமே (இசை வெளியீட்டு நிறுவனத்திடமே) விட்டுவிட்டு யுனிவர்சலுக்குப் போக அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2018 நவம்பரில் எடுத்த முடிவு சரிதானா? ஒப்பந்தத் தாள்களோடு புழங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வி ஓய்வதில்லை. 2025 மே 30 அன்று தன் பழைய பதிவுகள் அத்தனையையும் அப்போது அவற்றை வைத்திருந்த ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்திடமிருந்து வாங்கிவிட்டதாக அவர் அறிவித்தார். அதோடு விஷயம் முடிந்தது என்று பலர் சொன்னார்கள். எனக்கோ கேள்வி இன்னும் குழம்பித்தான் போனது.

அந்த முடிவுக்கு முன் பிக் மெஷினோடு நடந்த பேச்சுவார்த்தைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. புதிதாக ஒரு ஆல்பம் கொடுத்தால் பழையதில் ஒன்று திரும்பக் கிடைக்கும் என்று பிக் மெஷின் சொன்னதாக அவர் எழுதினார். கையெழுத்திட்ட உடனேயே எல்லாம் அவர் பெயருக்கு மாறியிருக்கும், ஒப்பந்தம் ஆல்பக் கணக்கில் அல்ல, ஆண்டுக் கணக்கில் இருந்தது என்று லேபிளின் தலைவர் ஸ்காட் போர்செட்டா பதில் எழுதினார். எது உண்மையாக இருந்தாலும் பழையதை மீட்க விலை ஒன்றுதான்: இன்னும் பல ஆண்டுகள் அங்கேயே இருக்க வேண்டும். ஸ்விஃப்ட் சொன்ன கணக்குப்படி ஆறைத் திரும்பப் பெற ஆறு கொடுக்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒரு ஆல்பம் என்றால் பன்னிரண்டு வருடம். அதற்குள் லேபிள் கைமாறினால்? கைமாறத்தான் செய்தது. 2019 ஜூனில் இசைக் கலைஞர்களின் மேலாளர் ஸ்கூட்டர் பிரானின் இத்தாகா ஹோல்டிங்ஸ் அதை வாங்கியது. சுமார் 30 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அந்தப் பதிவுகள் பிறகு ஷாம்ராக்கின் கைக்குப் போயின.

ஆகவே யுனிவர்சலுக்குப் போனது சரி. இனிமேல் வரும் மாஸ்டர்கள், அதாவது மூலப் பதிவுகள், அவருடையவை என்று அங்கே எழுதி வாங்கினார். சரி என்று எழுதிவிட்டேனே தவிர, விட்டுவிட்டுப் போனது முதல் ஆறு ஆல்பங்களை, அவரை அவராக்கிய பாட்டுகளை. அந்த இடத்தில் ஆலோசனை சொல்ல வேண்டியிருந்தால், இன்னும் ஒரு சுற்றுப் பேசிப் பார்க்கலாம் என்றே நான் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவரிடம் இருந்த சீட்டு வேறு. ஒரு பாடலில் இரண்டு சொத்துகள் உண்டு: சொல்லும் மெட்டும் ஒன்று, அதைப் பாடிப் பதித்த பதிவு இன்னொன்று. மாஸ்டர் என்பது பதிவு மட்டுமே. அமெரிக்கச் சட்டத்தில் பதிவின் உரிமை அந்தக் குறிப்பிட்ட ஒலியோடு நின்றுவிடும். அச்சு அசலாக அதேபோல் புதிதாகப் பாடிப் பதித்தாலும் அது மீறல் ஆகாது. ஏற்கெனவே வெளிவந்த பாட்டை யார் வேண்டுமானாலும் சட்டம் நிர்ணயித்த கட்டணம் கொடுத்துப் பதியலாம். 2021இல் ஐந்து நிமிடத்துக்குள் அடங்கும் பாட்டுக்கு அது பிரதிக்கு 9.1 சென்ட். கூட எழுதியவர்களுக்கும் பழையபடி பங்கு போய்ச் சேரும். குறுக்கே நின்றது, குறிப்பிட்ட காலம்வரை அதே பாட்டுகளைத் திரும்பப் பதியக் கூடாது என்று ஒப்பந்தத்திலிருந்த மறுபதிவுத் தடை மட்டும்தான். முதல் ஐந்து ஆல்பங்களுக்கு அது 2020 நவம்பரில் விலகியது.

இதைவிடக் கூர்மையான ஆயுதம் ஒன்று இருந்தது. படத்திலோ விளம்பரத்திலோ பாட்டைச் சேர்க்க மாஸ்டர் உரிமை, எழுத்துரிமை இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இதற்குச் சட்டக் கட்டண வழி கிடையாது. எழுதியவர் தலையசைக்காவிட்டால் மாஸ்டர் வைத்திருப்பவர் எதுவும் செய்ய முடியாது. வெறும் பாடகியாக மட்டும் இருந்திருந்தால் இந்தப் பூட்டு அவர் கையில் இருந்திருக்காது.

மறுபதிவு எளிதான வேலை என்று நினைப்பவர்கள் அதன் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. குரலும் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகப் பதிந்த பழைய தடங்கள் லேபிளிடம் இருக்கும். கையில் இருப்பது கடையில் கிடைக்கும் ஆல்பம் மட்டும். அதிலிருந்து டெம்போவை, அதாவது தாள வேகத்தை, துண்டு துண்டாகப் பிடிக்க வேண்டும். உயிருள்ள டிரம்ஸ் என்றால் அது கோரஸில் சற்று முன்னே ஓடும், பிறகு தளரும். எல்லாவற்றையும் மெட்ரோனோமுக்குக் கட்டிவிட்டால் உயிர் போய்விடும். பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்கும்போது இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்த வேண்டும், இல்லையென்றால் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகக் காது ஏமாறும். ஸ்னேர் டிரம்மின் அறை அதிர்வு, ரிவெர்ப் என்ற எதிரொலியின் வால், மூச்சு விடும் இடம் எல்லாம் பொருந்தினாலும் குரல் பொருந்தாது. ஃபியர்லெஸ் ஆல்பம் முதலில் வந்தபோது அவருக்கு 18 வயது. 2021 ஏப்ரலில் மறுபதிவு வந்தபோது 31. அந்த மூக்கொலி கலந்த கன்ட்ரி இசை உச்சரிப்பைத் திரும்பச் செய்தால் நடிப்பாகிவிடும், செய்யாவிட்டால் அது வேறு பாட்டு. '1989' என்ற ஆல்பத்தின் மறுபதிவில் கிட்டார் ஒலி பழையபடி இல்லை என்று ரசிகர்களே குறைப்பட்டார்கள்.

அதற்குப் பிறகு விநியோகம். புதிய பதிவு என்றால் புதிய ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய அடையாள எண்), அதாவது கேட்பு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பிளேலிஸ்ட்களில் பழையது தானாக வெளியேறாது, ஒருவர் உட்கார்ந்து மாற்ற வேண்டும். ஒவ்வொரு தலைப்பின் பின்னாலும் 'டெய்லர்ஸ் வெர்ஷன்' என்று ஒட்டியது அதற்காகத்தான். மாஸ்டர் யாருடையது என்ற தகவல் கேட்பவரின் கைப்பேசித் திரையிலேயே தெரிந்தது. 2021இல் அமெரிக்க வானொலி நிறுவனமான ஐஹார்ட்ரேடியோ தன் நிலையங்களில் புதியதையே போடுவதாக அறிவித்தது. யாரும் அதிகம் பேசாத ஒன்று: கேட்பவர்கள் புதியதற்கு மாறும்போது பழைய பதிவில் சதவீதப் பங்கு வைத்திருந்த தயாரிப்பாளர்களின் வருமானமும் கரையும்.

நான்கு ஆல்பங்கள் இப்படி வந்தன. ஆறாவது ஆல்பமான ரெப்யூடேஷன் வரவில்லை. கால்பங்குகூடப் பதிக்கவில்லை, மறுபடி செய்து மேம்படுத்த முடியாது என்று தோன்றிய ஒரே ஆல்பம் அதுதான் என்று பழைய பதிவுகளை வாங்கியதை அறிவித்த 2025 கடிதத்தில் அவரே எழுதினார். அங்கேதான் எனக்கு இடிக்கிறது. பிரதி செய்ய முடியாத ஒன்று அதில் இருந்தது என்றால், 2018இல் விட்டுப்போனதும் அதைத்தானே? மறுபதிவு வெற்றி பெற்றிராவிட்டால் ஷாம்ராக் விற்க முன்வந்திருக்காது என்று வாதிடலாம். பழைய பதிவின் மதிப்பு குறைந்ததால் விலை படிந்தது என்றும் சொல்லலாம். ஆனால் பில்போர்ட் என்ற இசை இதழ் சொன்ன தொகை சுமார் 36 கோடி டாலர். குறைந்த சொத்தின் விலை மாதிரி அது தெரியவில்லை.

இதன் செலவு இப்போது வேறு யார் தலையிலோ விழுகிறது. வழக்கமாக வெளியீட்டிலிருந்து ஐந்து அல்லது ஏழு ஆண்டு, அல்லது ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை இருந்த மறுபதிவுத் தடையை 10, 15, சில இடங்களில் 30 ஆண்டு என்று லேபிள்கள் கேட்பதாக 2023இல் செய்தி வந்தது. ஊரறியாத பாடகருக்கு அது 30 ஆண்டாக இருந்தாலும் பாதகமில்லை, அவர் மறுபதிவு செய்தாலும் கேட்க ஆளில்லை என்பது ஒரு கட்சி. எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. படத்துக்குத் தானே எழுதிய ஒரு பாட்டைக் கொடுக்கும்போது தன் சொந்தப் பதிவு கையில் இருந்தால் இரண்டு பக்கப் பணமும் அவருக்கே வரும். ஆனாலும் தடையின் ஆண்டைக் குறைக்கப் போராடுவதைவிட, லேபிள் விற்கப்படும்போது முதலில் பாடகரிடம் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியைக் கேட்பது மேல். அதைக் கேட்டால் எதிர்த்தரப்பு பெரும்பாலும் முதல் திருத்தத்திலேயே அடித்துவிடும். விற்பனையை முன்கூட்டித் தெரிவிப்போம் என்ற அளவுக்கு இறங்கி வந்தால் அதையாவது எழுதி வாங்கலாம்.