முதல் பனியில் புதியவர்களோடு

அக்டோபர் 14

நாங்கள் ஏறப்போகும் மலையில் பனி விழுந்துவிட்டது. 3,500 மீட்டருக்கு மேல் 20 சென்டிமீட்டர் என்கிறது வானிலை அறிக்கை. என்னோடு மலையேறப் புதிதாக வரும் மூன்று பேருக்கும் ஒரே குஷி. கணுக்காலைத் தாண்டிக் கொஞ்சம்தானே என்கிறார்கள். எனக்கோ இடுப்பளவுப் பனியை விட இந்தக் கணுக்கால் பனிதான் பயம். குளிர்கால முடிவில் பனி இறுகி, பாறைகளையெல்லாம் மூடி ஒரே தளமாகக் கிடக்கும். முதல் பனி பாறை இடுக்கை மறைக்கும், ஆனால் மேலே வைத்த காலைத் தாங்காது. ஓடையின் மேல் மெல்லிய கூரையாக நிற்கும், ஆள் ஏறினால் உடையும்.

அக்டோபர் 16

எல்லோர் பையையும் கொட்டிப் பார்த்தேன். ஒருவரிடம் ஜீன்ஸ். பருத்தி நனைந்தால் லேசில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். வெளியே எடுத்து வைத்தாயிற்று. இன்னொருவர் கருப்புக் கண்ணாடி எதற்கு என்று கேட்டார். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மேகம் இருந்தாலும் கண் வெந்துபோகலாம். ஆளுக்கு இரண்டு ஜோடி கையுறை. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்க வேண்டும்; ஐஸ் மேல்பக்கத்தில்தான் முதலில் கட்டும், அப்போது மூடிப் பக்கம் தப்பிக்கும்.

அக்டோபர் 18, கூடாரம், 3,400 மீட்டர்

நேற்று இரவு 3,000-இல் தங்கினோம். உயர நோய் வராமலிருக்க, அதற்கு மேல் போனால் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. ஒருவருக்கு லேசான தலைவலி. வாந்தி இல்லை, நடை நேராக இருக்கிறது. காலையில் பார்க்கலாம்.

உச்சிக்கு இன்னும் 4 கிலோமீட்டர், 700 மீட்டர் ஏற்றம். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்குப்படி, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. அப்படிப் பார்த்தால் இரண்டு மணி நேரம். அது நல்ல பாதையில், நல்ல தெம்புள்ள ஆளுக்கு. பனிக்கும் புதியவர்களுக்குமாக இரட்டிப்பாக்கிவிட்டு, அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்தேன். 6 மணிக்குக் கிளம்புவது, எங்கே இருந்தாலும் 11.30-க்குத் திரும்புவது. ஒவ்வொருவரையும் வாய்விட்டுச் சரி சொல்ல வைத்தேன். உச்சி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு யாரும் நியாயம் பேச மாட்டார்கள்.

அக்டோபர் 19

தலைவலி போயிருந்தது. கிளம்பினோம்.

முதல் ஒரு மணி நேரம் அருமை. அப்புறம் பாறைக்குவியல். ஒவ்வொரு அடியையும் கோலால் குத்திப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஒருவருடைய கால் இரண்டு பாறைகளுக்கு நடுவே முழங்கால் வரை இறங்கியது. வேகமாக வந்திருந்தால் எலும்பு முறிந்திருக்கும். கோடையில் அரை மணியில் கடக்கிற இடம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது.

3,850-இல் அந்தச் சரிவு. 35 பாகை இருக்கும். பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30-க்கும் 45-க்கும் இடைப்பட்ட சாய்வில்தான் கிளம்புகின்றன. காற்று அள்ளிவந்து கொட்டியதில் அங்கே பனி முழங்காலளவு. குறுக்கே யாரோ போன தடம் வேறு! புதியவர்களுக்கு அந்தத் தடமே போதும், பாதை பத்திரம் என்று முடிவுகட்டிவிடுவார்கள். நான் ஓரத்தில், சாய்வு குறைந்த இடத்தில் தோண்டிக் காட்டினேன். மேலே பலகை மாதிரி இறுகிய பனி. அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாத மணிகள், கையில் எடுத்தால் உதிர்கின்றன. செப்டம்பர் கடைசியில் விழுந்து, நிழலில் கரையாமல் நின்ற மெல்லிய அடுக்கு அது. கீழே தரையின் சூடு, மேலே தெளிந்த வானத்து இரவுக் குளிர். பனி மெல்லியதாக இருக்கும்போது இந்த வித்தியாசம் கொஞ்ச தூரத்துக்குள் அடங்கிவிடுவதால், அடுக்கே மணிமணியாக மாறிவிடுகிறது. அதன்மேல் புதுப்பனி உட்கார்ந்திருக்கிறது. முன்னால் போனவர்களை அது தாங்கியிருக்கலாம். ஐந்தாவது ஆளைத் தாங்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

"இன்னும் 250 மீட்டர்தானே அண்ணா" என்றான் தம்பி ஒருவன். மணி 10.50, சொன்ன நேரம்கூட ஆகவில்லை என்று வாதம். அதற்குள் இன்னொருவர் பேச்சைக் குறைத்திருந்தார். ஜாக்கெட் ஜிப்பை இழுக்க முடியாமல் விரல் தடுமாறியது. கையுறை நனைந்ததை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. உலர்ந்த ஜோடியை மாட்டிவிட்டு, வெந்நீர் குடிக்க வைத்து, கீழே இறங்கத் தொடங்கினோம். ஏறிய நேரம் இறங்கவும் ஆனது.

அக்டோபர் 20

தம்பி இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். இருக்கட்டும்.

கையுறை நனைந்தவருக்கு இரண்டு விரல் நுனி மரத்தே இருக்கிறது. நிறம் மாறவில்லை, கொப்புளமும் இல்லை. தேய்க்க வேண்டாம், நெருப்பில் காட்டவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. நாளை மருத்துவரிடம் காட்டுகிறார். அடுத்ததாக இவர்களை 3,000-க்குக் கீழே, சாய்வு குறைந்த ஒரு முகட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். சறுக்கினால் பனிக்கோடரியால் நிறுத்தும் பயிற்சியை அங்கேயே வைத்துக்கொள்ளலாம். சறுக்கிப் போனாலும் தானாக நிற்கிற மாதிரி, அடியில் சமதளம் உள்ள இடமாகத் தேட வேண்டும்.