ஊசி இருந்தா மட்டும் போதாதுங்க: மண்ணுல நூற்புழுவ பிரிச்சு பாக்குறது

மண்ணு சாம்பிள்ல இருந்து நூற்புழு பிரிச்சு மைக்ரோஸ்கோப்புக்கு கீழ வச்சா அங்க நெளியிற எல்லாமே பயிர திங்கிற வில்லன் மாதிரி தான் தெரியும், ஆனா அதுல நெறைய பேரு பாக்டீரியாவ தின்னுட்டு சும்மா சுத்துற அப்பாவிங்க. அவங்களுக்கு வாய் வெறும் குழாய் மாதிரி இருக்கும், வேர குத்துறதுக்கு ஸ்டைலெட்ங்கிற வாய் ஊசியே கெடையாது.

சரி ஸ்டைலெட் இருந்தா பயிரோட எதிரின்னு எழுதிடலாமான்னா, அங்க தான் பிரச்சனையே. பூஞ்சைய குத்தி குடிக்கிற அஃபெலங்கஸுக்கும் ஸ்டைலெட் இருக்கு, டோரிலைமிட் கூட்டத்துக்கும் இருக்கு. அதனால ஊசிக்கு பின்னாடி உணவுக்குழல பாருங்க. அஃபெலங்கஸுக்கு ஊசி அடியில குமிழ் இருக்காது, நடு பல்பு (உணவுக்குழல் நடுவுல இருக்குற தசை வீக்கம்) உடம்பு அகலத்தையே கிட்டத்தட்ட அடைச்சிருக்கும். பயிர திங்கிற புழுங்க நெறைய இருக்குற டைலன்கிட் கூட்டத்துல பெரும்பாலும் குமிழ் பளிச்சுனு தெரியும், பல்பு சின்னது. டோரிலைமிட்ல நடு பல்பே கெடையாது, முன்னாடி ஒல்லி பின்னாடி தடிப்பு அவ்ளோதான். ஆனா அந்த கூட்டத்தையும் மொத்தமா ஒதுக்கிடாதீங்க, திராட்சைக்கு ஃபேன்லீஃப் வைரஸ கொண்டு போற ஸிஃபினிமா அதுல தான் இருக்கு (இத 1958லயே காட்டிட்டாங்க).

இந்த ஊசி ஒரே வழியில வந்தது இல்ல, தனித்தனி கூட்டத்துல தனித்தனியா உருவானது. பழைய புக்குல டைலன்கிடா ஒரு தனி வரிசை, 2002க்கு அப்பறம் வந்த டிஎன்ஏ அடிப்படையிலான வகைப்பாட்டுல அத ரேப்டிடிடாவுக்குள்ள, அதாவது அந்த பாக்டீரியா தின்னிங்க கூடவே சேத்துட்டாங்க, எனக்கு அது இன்னும் கொஞ்சம் வேடிக்கையா தான் இருக்கு.

அப்பறம் புழுவ மெதுவா சூடு பண்ணி கொன்னு பாருங்க, 60 டிகிரி சுத்தி போதும், கொதிக்க விட்டா உள்ள எல்லாம் கெட்டுடும். ஹெலிகோடைலன்கஸ் சுருண்டுக்கும், ப்ராடிலங்கஸ் கிட்டத்தட்ட நேரா கெடக்கும். ப்ராடிலங்கஸயும் ரடோஃபோலஸயும் தான் அடிக்கடி மாத்தி எழுதுவாங்க, ரெண்டுக்கும் தட்டையான தலை, குட்டையான தடிச்ச ஊசி. பெண்புழுவ எடுத்து யோனித்துளை எங்க இருக்குன்னு பாருங்க, வாலுகிட்ட இருந்தா ப்ராடிலங்கஸ், உடம்பு நடுவுல இருந்தா ரடோஃபோலஸ். உணவுக்குழல் சுரப்பி குடல் மேல வயித்துப்பக்கமா படிஞ்சிருந்தா முதலாவது, முதுகுப்பக்கம்னா ரெண்டாவது.

பெர்மன் ஃபனல்ல (தண்ணி நெரப்புன புனல் மேல மண்ண வச்சு, புழுங்க தானா கீழ இறங்க விடுற முறை) மட்டும் எடுத்துட்டு "வேற எதுவும் இல்ல"ன்னு ரிப்போர்ட் எழுதுறது எனக்கு பிடிக்காது. அதுல நல்லா நகர்ற புழு தான் கீழ இறங்கும், உடம்பெல்லாம் வளையம் போட்ட கிரிகோனிமாடிட்ஸ் மாதிரி மந்தமான ஆளுங்க மேலயே தங்கிடுவாங்க. அதுக்கு சல்லடை, இல்லன்னா சர்க்கரை கரைசல் போட்டு சென்ட்ரிஃப்யூஜ் பண்ற முறை தான் சரி.

வேர்முடிச்சு புழு இன்னும் மோசம். மண்ணுல பெரும்பாலும் கெடைக்கிறது ரெண்டாம் நிலை குஞ்சு தான், அத வச்சு மெலாய்டோகைன்னு ஜீனஸ் வரைக்கும் சொல்லலாம், ஸ்பீஷிஸ் வேணும்னா வேர உடைச்சு பெண்புழுவ எடுத்து பின்பக்க தோல் கோடுகள பாக்கணும். இன்காக்னிட்டாவுக்கு மேல் வளைவு உயரமா சதுரமா இருக்கும், ஜவானிக்காவுக்கு ரெண்டு பக்கமும் கோடு வெட்டிட்டு போகும், ஹப்லாவுக்கு வாலுகிட்ட புள்ளிபுள்ளியா இருக்கும். புக்குல படம் அழகா தான் இருக்கு, நேர்ல பாதி பேட்டர்ன் ரெண்டுக்கும் நடுவுல நிக்கும். அந்த மாதிரி வந்தா நான் கண்ண நம்ப மாட்டேன், எஸ்டரேஸ் ஜெல் (புழுவோட நொதி பட்டைய வச்சு ஸ்பீஷிஸ் சொல்ற டெஸ்ட்) இல்லன்னா பிசிஆர் டிஎன்ஏ டெஸ்டுக்கு அனுப்பிடுவேன்.