ஒன்றரை மீட்டர் குறைந்த கிளப்

என்.சி.சி. முகாம் முடிந்து வந்த அன்று என் மகள் தோள் பையைக்கூட இறக்கவில்லை. நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள். ஐந்து ஓட்டை. டீ கிளாஸைக் கவிழ்த்து வைத்தால் ஐந்தும் அதற்குள் அடங்கிவிடும். பாயிண்ட் டூ டூ (.22 அங்குலத் துளை) ரைஃபிள், படுத்துச் சுட்டது. "குரூப்பிங் நல்லாருக்கு, வெளிய ஏதாவது கிளப்புல சேருன்னு ஹவில்தார் சொன்னாருப்பா" என்றாள்.

அது மே மாதம். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் நான் படகு எஞ்சின் பட்டறை வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். ஊர்ப் படகெல்லாம் கரையில் நிற்கும், எனக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும். "தடை முடியட்டும் தாயி, பார்ப்போம்" என்றேன். மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். ஜூன் 15 காலை பட்டறைக்கே வந்து நின்றாள்.

வீட்டில் முதல் எதிர்ப்பு என் மனைவியிடமிருந்து. அவள் பிறந்த ஊர் ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். 2018 ஜூனில் அங்கே ஒரு வீட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டும்போது பழைய தோட்டாக்கள் பெட்டி பெட்டியாக வெளியே வந்தன. எத்தனை நாள் போலீஸ், எத்தனை விசாரணை என்று அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இந்தக் கரையில இருந்துக்கிட்டு பொம்பளப் பிள்ளைக்குத் துப்பாக்கியா?" என்றாள். அந்தப் பயத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது. அதனால் முதலில் சட்டத்தைத்தான் விசாரித்தேன். 10 மீட்டர் போட்டிக்கான ஏர் ரைஃபிள், அதாவது 4.5 மில்லிமீட்டர் துளை, 20 ஜூலுக்கு மேல் போகாத ஆற்றல் உள்ளது, லைசென்ஸ் கேட்பதில்லை. பாயிண்ட் டூ டூ அப்படி இல்லை. அது ஆயுதச் சட்டத்துக்குள் வருகிற துப்பாக்கி, லைசென்ஸ் இல்லாமல் நாம் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடியது அல்ல. கிளப்பின் துப்பாக்கியில், கிளப்பின் தோட்டாவில், அங்கேயே, கோச்சின் கண் முன்னால் சுட்டுவிட்டு வரவேண்டும். இதைக் கேட்ட பிறகுதான் அவள், "வீட்டுக்கு ஒண்ணும் வராதுல்ல?" என்று கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போனாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மகளுக்கு ஆசை 50 மீட்டரில். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதை எல்லோரும் பேசினார்கள். இவள் பேசியது ஸ்வப்னில் குசாலேயைப் பற்றி. ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர், 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம். மண்டியிட்டு 20, படுத்து 20, நின்று 20 என்று மூன்று நிலையிலும் சுடவேண்டிய போட்டி அது. ஆகவே எங்களுக்கு வேண்டியது உள்ளரங்கில் 10 மீட்டரும் வெளியில் 50 மீட்டரும் இருக்கிற ஒரு கிளப். இரண்டும் ஒரே இடத்தில், அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கும் என்று நம்பியதுதான் நான் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்புக்கு 5,000 ரூபாய் ஆனது. எங்கள் பக்கத்திலேயே ஒரு 'அகாடமி' இருப்பதாக மச்சான் சொன்னான். பெயர் வேண்டாம். ஜவுளிக்கடைக்கு மேலே மாடி ஹால், ஏசி, சுவரெல்லாம் ஒலிம்பிக் வீரர்கள் படம். பேசியவர் நன்றாகப் பேசினார். அடுத்த வருஷம் 50 மீட்டரும் வந்துவிடும், இடம் பார்த்தாச்சு என்றார். அன்றே அட்வான்ஸ் கட்டிவிட்டேன்.

மறு வாரம் முதல் வகுப்பு. நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். பட்டறைக்காரன் சும்மா உட்கார்ந்தால் கண் எதையாவது அளந்துகொண்டேதான் இருக்கும். ஹால் கொஞ்சம் குட்டையாகப் பட்டது. சட்டைப் பையில் இருந்த டேப்பை எடுத்து, சுடுகிறவர் நிற்கும் கோட்டிலிருந்து டார்கெட் வரைக்கும் பிடித்தேன். எட்டரை மீட்டர். போட்டி விதிப்படி 10 மீட்டர், அதிலும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. டார்கெட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.40 மீட்டரில் இருக்கவேண்டும். இங்கே என் நெஞ்சுக்குக் கீழே தொங்கியது. "பழகுறதுக்கு இது போதும் சார், சின்னப் பிள்ளைதானே" என்றார். ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து, அதாவது முழு மதிப்பெண் கிடைக்கும் நடு இடம், அரை மில்லிமீட்டர் புள்ளி. பேனா முனையால் ஒரு பொட்டு வைத்தால் அதுதான். அதை ஒன்றரை மீட்டர் கிட்டத்தில் வைத்துப் பழகிவிட்டுப் போட்டிக்குப் போனால் என்ன ஆகும்?

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். சுடுகிற கோட்டுக்கும் டார்கெட்டுக்கும் நடுவில், பக்கச் சுவரில் ஒரு கதவு இருந்தது. அதற்கு உள்தாழ்ப்பாள் இல்லை. என் மகளும் இன்னொரு பையனும் குறிபார்த்து நிற்கும்போது அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு டீக்கடைப் பையன் தட்டோடு உள்ளே வந்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் பாட்டுக்கு குறுக்கே நடந்து வந்து எனக்கும் ஒரு டீ கொடுத்தான். கையில் கிளாஸை வாங்கினேன், குடிக்க முடியவில்லை. டார்கெட்டுக்குப் பின்னால் பிளைவுட் பலகையும் சாக்கும்தான். ஏர் ரைஃபிளின் ஈயக் குண்டு, பெல்லட் என்பார்கள், மரத்தில் பட்டு எங்கே தெறிக்கும் என்று யாருக்குத் தெரியும்?

இறங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இங்கே உறுப்பினராக இருந்தால் மாநிலப் போட்டிக்குப் போக முடியுமா? மாநிலச் சங்கத்தோடு இணைந்த கிளப் வழியாகத்தான் பெயர் கொடுக்க முடியும் என்று ஹவில்தார் சொல்லியனுப்பியிருந்தார். "அதெல்லாம் பண்ணிக்கலாம் சார்" என்று பதில் வந்தது. அந்த 5,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் டேப்போடுதான். கேலி செய்தார்கள், செய்யட்டும்.

மதுரை இங்கிருந்து 150 கிலோமீட்டர் சுமார். அங்கே உள்ள ஒரு கிளப்பைப் பார்க்க ராமேஸ்வரம் பாசஞ்சரில் ஏறிப் போனோம். இந்தத் தடவை காசைப் பற்றிப் பேசாமல், ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். அதிலேயே பாதி மனசு வந்துவிட்டது. உள்ளே யாரும் கத்தவில்லை. ஒருவர் டார்கெட் பக்கம் போகவேண்டும் என்றால் எல்லோரும் துப்பாக்கியைக் கீழே வைத்து, குண்டு போடும் சேம்பரைத் திறந்து, பெல்லட் இல்லை என்று தெரிகிற மாதிரி கொடி செருகி, பின்னால் தள்ளி நின்றார்கள். கோச் சுற்றிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் ஒரு கால் முன்னே போனது. தண்ணீர் பாட்டிலைச் சுடும் மேசையில் வைத்த ஒரு பையனை எடுக்கச் சொன்னார்கள். வெளியே போகும்போது சோப்பில் கை கழுவச் சொன்னார்கள். ஈயம் கையில் ஒட்டும், அதோடு வடையைத் தொட்டால் வயிற்றுக்குள் போகும். மாடி ஹாலில் இதை ஒருத்தரும் சொல்லவில்லை.

தூரம் சரி, உயரம் சரி. வெளிச்சத்தைப் போனில் அளந்தேன். டார்கெட் மேல் 1500 லக்ஸ் குறையாமல் இருக்கவேண்டும், இருந்தது. நான் அதிக நேரம் நின்றது கம்ப்ரஸர் அறையில். ஏர் ரைஃபிள் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் வரை காற்று ஏற்றுகிறார்கள். சங்கு குளிக்கிறவர்களின் கம்ப்ரஸரைப் பழுது பார்த்தவன் என்பதால் எனக்கு அதில் ஒரு பயம் உண்டு. காற்றோடு ஈரம் போனால் உள்ளே துரு பிடிக்கும். ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டேன். தேதி எழுதிய அட்டையைக் காட்டினார்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் தயாரித்த தேதியைப் புரட்டிப் பார்த்தேன். பத்து வருஷம்தான் அதன் ஆயுள், அதற்கு மேல் போட்டியில் அனுமதி இல்லை. பழைய ரைஃபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள். பாதி மலிவு அங்கேதான் இருக்கும்.

இதெல்லாம் நான் பார்த்தது. கோச் பார்த்தது வேறு. மகளைக் கூப்பிட்டு, இரண்டு கையையும் நீட்டி விரல்களுக்கு நடுவில் சின்ன ஓட்டை வைத்து, அது வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடு, மற்றதை மூடு என்றார். இடது கண்ணை மூடியதும் கடிகாரம் காணாமல் போனது. "வலது கைப் பிள்ளை, ஆனா இடது கண்ணுதான் ஆளுது" என்றார். குறிபார்க்கும்போது இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவள் ஏன் சீக்கிரம் களைத்துப் போகிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது. இடது கைக்காரருக்கான கட்டை உள்ள ரைஃபிள் ஒன்றும் அங்கே இருந்தது. இரண்டையும் தூக்கிப் பார்க்கவைத்தார். கடைசியில் வலது பக்கமே இருக்கட்டும் என்று முடிவு. இடது கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் தடுப்பு ஒன்று, மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் போகாமல். இரண்டு கண்ணும் திறந்திருக்க, முகம் தளர்ந்து சுட்டாள். என்ன புள்ளி எடுத்தாள் என்று நான் பார்க்கவில்லை. அவள் நெற்றியில் சுருக்கம் இல்லை, அதைப் பார்த்தேன்.

அன்றே சேர்ந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். போலீஸ் சரிபார்ப்புச் சான்று, டாக்டர் சான்று, பள்ளிச் சான்று, பெற்றோர் சம்மதக் கடிதம் என்று மூன்று வாரம் போயிற்று. விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்னைவிட என் மனைவியிடம்தான் அதிகம் பேசினார். பேசி முடித்துவிட்டு, தன் மகனையும் சேர்க்கலாமா என்று கேட்டார்.

ஒன்று மட்டும் குறை. எங்களுக்கு வேண்டிய நேரத்தில் 50 மீட்டர் பயிற்சி அங்கே அமையவில்லை. அதற்கு திருச்சி பார்க்கலாம் என்று அதே கோச்தான் சொன்னார். கே.கே. நகரில் உள்ள திருச்சி ரைஃபிள் கிளப்; 2022 ஜூலையில் 47-வது மாநிலப் போட்டி நடந்த இடம், நடிகர் அஜித் வந்து சுட்டதால் ஊருக்கே தெரிந்த இடம்.

ஆடி கடைசி வாரம் போனோம். எங்கள் ஐயாவும் கூட வந்தார். நாற்பது வருஷம் நாட்டுப்படகில் போனவர், இப்போது கரையில் வலை தைக்கிறார். பேத்தி என்ன செய்கிறாள் என்று பார்க்கவேண்டுமாம். 50 மீட்டர் ரேஞ்சில் சுடுகிறவர் நிற்கும் இடத்துக்கு மேல் கூரை உண்டு, அதற்கு அப்பால் திறந்த வெளி. நடுவில் சின்னச் சின்னத் துணிக்கொடிகள். பத்தின் வட்டம் இங்கே 10.4 மில்லிமீட்டர். உள்ளரங்கின் அரை மில்லிமீட்டரைப் பார்த்த கண்ணுக்குப் பெரிசாகத் தெரியும். ஆனால் நடுத்தரமான பக்கக் காற்று ஒன்று போதும், குண்டை அந்த வட்டத்துக்கு வெளியே தள்ளிவிட. ஒருவர் துப்பாக்கியின் குறிபார்க்கும் சைட்டை கிளிக் கிளிக்காகத் திருகிக்கொண்டே இருந்தார். காற்று மாற மாற அவரும் மாற்றினார், ஒன்பதும் எட்டுமாக விழுந்தது. பக்கத்தில் ஒரு அம்மா சைட்டைத் தொடவே இல்லை. கொடி பழைய மாதிரி திரும்பி வரும்வரை துப்பாக்கியை இறக்கி வைத்துக் காத்திருந்தார்.

ஐயா கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சில்லை. ரொம்ப நேரம் கழித்து என் காதில் மெதுவாகச் சொன்னார்: "முதக் கொடி சாயுது, கடைசிக் கொடி சும்மா நிக்கிது பாரு. இது மேக்கேருந்து வர்ற கச்சான் காத்து இல்ல, கட்டடத்துல மோதித் திரும்புற காத்து. தூரத்துக் கொடியை நம்பிச் சுட்டா ஏமாந்துபோவா." அங்கிருந்த கோச்சுக்கு அது காதில் விழுந்திருக்கிறது. கிட்டே வந்து, "ஐயா எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டார். ஐயாவுக்குப் புரியவில்லை. "மண்டபம் வடக்குத் துறை" என்றார்.

இப்போதுள்ள ஏற்பாடு இதுதான். வாரம் ஒரு நாள், ஞாயிறு, மதுரையில் 10 மீட்டர். உறுப்பினர் அட்டை அங்கே. மாதம் ஒரு முறை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு திருச்சியில் 50 மீட்டர். மற்ற நாளில் பட்டறைப் பின்சுவரில் ஒரு புள்ளியை ஒட்டி வைத்து, பெல்லட் இல்லாமல், மூச்சும் நிற்கிற நிலையும் மட்டும் பழகுகிறாள். அதற்கு ஒரு கட்டையில் மணல் மூட்டை கட்டிக் கொடுத்திருக்கிறேன். சொந்த ரைஃபிள் இப்போதைக்கு இல்லை. வாங்கினாலும் மதுரை லாக்கரில்தான் இருக்கும். எங்கள் காற்றில் ஒரு ஸ்பேனரைத் துடைக்காமல் விட்டால் இரண்டு நாளில் பழுப்பாகிவிடும்; நுண்ணிய ட்ரிகர் எந்த மூலைக்கு?

லாக்கருக்கு இன்னொரு காரணமும் உண்டு. செப்டம்பர் 11 இம்மானுவேல் சேகரன் நினைவு நாளை ஒட்டியும் அக்டோபர் 30 தேவர் குருபூஜையை ஒட்டியும் பரமக்குடி, கமுதி வழியில் ஒவ்வொரு வருஷமும் தடை உத்தரவும் வண்டிச் சோதனையும் இருக்கும். நீளமான கறுப்புப் பெட்டியோடு பஸ்ஸில் போனால், ரசீது, கிளப் கடிதம் எல்லாம் கையில் இருந்தாலும் அரை நாள் போய்விடும். போன செப்டம்பரில் வெறும் பயிற்சி ஜாக்கெட்டை எடுத்துப்போனோம். தோலும் கேன்வாஸும் சேர்ந்து விறைப்பாக இருக்கும் அது. சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொன்னார்கள், ஒரு காவலர் அதைத் தூக்கிப் பார்த்து, "இது என்னம்மா, குண்டு துளைக்காத சட்டையா?" என்றார். "இல்ல சார், ஆடாம நிக்கிறதுக்கு" என்றாள் மகள்.