மூன்று வாரமும் இரண்டு நாளும்

"அண்ணா, அந்த மெஷினுக்கு மூணு வாரம் உட்கார்ந்தீங்க. இதுக்கு ரெண்டே நாள்தானே?"

2020 தொடக்கம். எங்கள் கிளஸ்டருக்கு (பல கணினிகளை இணைத்த பெரிய கணினி) இன்டெல்லின் ஜியான் சிப்பா, ஏஎம்டியின் எபிக் சிப்பா என்று இரண்டையும் ஓட்டி அளந்த அறிக்கை மறுநாள் காலை கொள்முதல் குழுவுக்குப் போகவேண்டும். 'அந்த மெஷின்' ஜியான், 'இது' எபிக். கேட்டவன் சேர்ந்து ஆறு மாதம் ஆன பையன்.

"நம்ம ஆய்வாளர்கள் யாரும் ட்யூன் பண்ணி ஓட்டப்போறதில்ல தம்பி. இருக்கிறதை அப்படியே ஓட்டுவாங்க. அதான் நிஜமான அளவு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

நான் சொன்னது பொய்யில்லை. இன்றும் எங்கள் கிளஸ்டரில் பாதிப் பேர் பிராசஸ்களை (ஓடும் நிரல்களை) சிப்பின் கோர்களோடு பிணைக்கும் சின்ன ட்யூனிங்கூடச் செய்யாமல்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அதுதான் அளவுகோல் என்றால், ஜியானில் மூன்று வாரம் எதற்கு? கணக்கு வேகத்தை அளக்கும் லின்பேக் சோதனையில், கணக்கைத் துண்டாக்கும் என்பி அளவை எட்டு எட்டாக மாற்றி, வேலையைப் பங்கிடும் பி, க்யூ கட்டத்தைத் திருப்பிப் போட்டு, கடைசி ஒரு சதவீதம் வரை பிழிந்தெடுத்தேன். பத்து வருடம் பழகிய சிப். எதைத் தொட்டால் வேகம் ஏறும் என்று கைக்கே தெரியும்.

எபிக் 7742-இல் லின்பேக்கை எம்கேஎல் என்ற கணித நூலகத்தோடு (தயார் நிரல்களின் தொகுப்பு) இணைத்து ஓட்டினேன். அது இன்டெல்லின் நூலகம். ஏஎம்டி சிப்பில் ஏவிஎக்ஸ்2 என்ற வேகமான கட்டளைகள் இருந்தும் அப்போது அது அந்த வழியில் போகவில்லை. சூழல் மாறி (நிரலுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்பு) ஒன்றுக்கு 5 என்று கொடுத்தால் போனது. இது எனக்குத் தெரியும். ஆவணத்தில் இல்லாத சுவிட்சை நம்பி வாங்க முடியுமா என்று விட்டுவிட்டேன். அந்த ஆண்டே வந்த எம்கேஎல் 2020 அப்டேட் 1-இல் அந்த சுவிட்ச் வேலை செய்யாமல் போனபோது, நான் செய்தது சரிதான் என்று மனம் ஆறியது. ஆனால் ஏஎம்டி சிப்பில் நன்றாக ஓடும் பிளிஸ் நூலகம் இருந்ததே. அதற்கு எந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

இதைவிட உறுத்துவது ஸ்ட்ரீம், நினைவக வேகத்தை அளக்கும் சோதனை. அதன் இயல்பான வரிசை அளவு 1 கோடி எண்கள். மூன்று வரிசைக்கும் சேர்த்து 240 எம்பி. இரண்டு சாக்கெட் (இரண்டு சிப்) எபிக்கின் எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) மட்டுமே 512 எம்பி. நினைவகத்தைத் தொடாமலே எண் வந்துகொண்டிருந்தது. நினைவக அலைவரிசையின் (நொடிக்கு நகரும் தரவு) உச்சமே நொடிக்கு 409.6 ஜிபி, திரையில் அதற்கும் மேல். பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் பிடித்துவிட்டேன். வரிசையைக் கேஷைப் போல் நான்கு மடங்காக்கித் திருத்தினேன். பெருமையாகக்கூட இருந்தது.

அந்த சிப்புக்குச் சாதகமான பிழை ஐந்து நிமிடத்தில் என் கண்ணில் பட்டது. பாதகமானதை, தெரிந்தே, இரண்டு நாளும் அப்படியே விட்டிருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று இப்போதும் சொல்வேன். லின்பேக் எண் குறைவாக வந்தது. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். எதிர்பார்த்த எண் வந்தால் யார் திரும்ப ஓட்டுவார்கள்?

திருத்திய பிறகும் ஸ்ட்ரீமில் எபிக்தான் முன்னால் நின்றது. எங்கள் வானிலை மாடல்களுக்கு வேண்டியதும் அந்த அலைவரிசைதான். அறிக்கையின் முதல் பக்கத்தில் லின்பேக் இருந்தது. வாங்கியது ஜியான். நன்றாகவே ஓடுகிறது, யாரும் குறை சொன்னதில்லை.

போன வாரம் பழைய டைரக்டரியைத் திறந்தேன். ஜியான் பக்கம் இருநூறுக்கு மேல் லாக்குகள், எபிக் பக்கம் ஆறு. அந்த ஆறுக்கும் கீழே பிளிஸை பில்ட் செய்யத் தொடங்கிய ஸ்கிரிப்ட் ஒன்று கிடக்கிறது. நான்கு வரி. ஐந்தாவது வரியை ஏன் எழுதவில்லை என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.