நாற்பது டிகிரியில் நின்றுபோன என்ஜின்

நான்கு மாதங்களாக என் 2003ஆம் ஆண்டுக் கார் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தது. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடியது 11ஆக இறங்கிவிட்டது. காலையில் சாவியைத் திருப்பியதும் கிளம்பும். வெயிலில் ஓட்டிவிட்டுக் கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்தினால் போதும், அடுத்த முறை இழுத்து இழுத்துத்தான் உயிர் வரும். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றினேன். விறகடுப்பில் வைத்த சட்டியின் அடிப்பக்கம்போல் கரி.

என்ஜின் விளக்கு எரிந்தது ஒரே ஒரு முறைதான். வேகத்தடையில் ஏறி இறங்கியபோது எரிந்தது, கூடவே ரேடியேட்டர் விசிறியும் காரணமில்லாமல் சுற்றத் தொடங்கியது. சற்று நேரத்தில் இரண்டும் அடங்கிவிட்டன.

கைப்பேசியோடு இணைக்கும் ஸ்கேனர் இந்தக் காரிடம் எடுபடாது. அந்த ஸ்கேனர் பேசும் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறை இந்தியாவில் கட்டாயமானதே 2013இல்தான். இதற்கு மினுக்குக் குறியீடு: சோதனைக் கனெக்டரின் இரு முனைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துச் சாவியைத் திருப்பினால் விளக்கே சொல்லும். 12 வந்தால் கோளாறில்லை. எனக்கு ஒரு மினுக்கு, இடைவெளி, நான்கு மினுக்கு. 14, அதாவது கூலண்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை சென்சார்.

புதியது வாங்கி மாட்டினேன். அரை லிட்டர் கூலண்ட் தரையில் கொட்டியதைத் தவிர ஒரு மாற்றமும் இல்லை.

அடுத்த ஞாயிறு, செய்திருக்க வேண்டியதை வரிசை மாற்றிச் செய்தேன். கழற்றிய பழைய சென்சாரை ஒரு பழைய பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியும் மல்டிமீட்டருமாக அடுப்படியில் நின்றேன். "இந்தப் பாத்திரத்தை இனி உள்ளே கொண்டுவராதே" என்றார் அம்மா. 30 டிகிரியில் சுமார் 1,650 ஓம், 40இல் 1,140, 60இல் 580, 80இல் 320. சூடு ஏற ஏற மின்தடை குறைய வேண்டும், ஒழுங்காகக் குறைந்தது. நான் தூக்கிப்போட்டது நல்ல சென்சார்.

பிறகுதான் கையேட்டை முழுதாகப் படித்தேன். 14 என்றால் "சிக்னல் வோல்ட் அதிகம்" என்றுதான் போட்டிருக்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று எங்கும் இல்லை. கனெக்டரைப் பிடுங்கினாலும், வயர் அறுந்தாலும் என்ஜினை ஆளும் கணினியான ஈசியூவின் முனையில் 5 வோல்ட் நிற்கும், குறியீடு இதேதான்.

என்ஜினைச் சூடாக்கி அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஈசியூ பக்கத்துக் கனெக்டரில் அளந்தேன்: 1,140 ஓம். ஓடிப்போய் சென்சாரின் காலிலேயே அளந்தேன்: 320. நடுவே எங்கோ 820 ஓம் உட்கார்ந்திருக்கிறது. என்ஜின் 80 டிகிரியில் கொதிக்க, ஈசியூவின் கணக்கில் அது 40! குளிர்ந்த என்ஜின் என்று நம்பி அது கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றியிருக்கிறது. 40 டிகிரி நடக்கக்கூடிய எண் என்பதால் விளக்கும் எரியவில்லை. வேகத்தடையில் இணைப்பு முழுதாக விட்டுப்போன அந்தக் கணத்தில்தான் மாட்டிக்கொண்டது. இத்தனை மாதம் அந்த இணைப்பு பொய் சொல்லியது எனக்குக் கோபமூட்டவில்லை. அவ்வளவு நம்பும்படி சொல்லியதுதான்.

கனெக்டரின் ரப்பர் உறையை உரித்தால் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. வயரைச் சற்று இழுத்ததும் உள்ளே செம்பு இழைகள் இரண்டே மிஞ்சியிருந்தன. களிம்பு என்றதும் அம்மா புளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். செம்புக் குடத்துக்குச் சரி, இங்கே புளிப்பு உள்ளேயே தங்கி மறுபடி அரிக்கும். புதுப் பின் அழுத்தி, வெப்பத்தில் சுருங்கும் குழாயால் மூடினேன். இப்போது இரு பக்கமும் ஒரே எண்.

பிளக்குகளைத் துடைத்து மாட்டி, 300 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. டேங்க் நிரப்பிக் கணக்கிட்டேன்: 15.2. சூட்டிலும் உடனே கிளம்புகிறது. ஆக்சிஜன் சென்சார் மட்டும் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஊசலாட வேண்டியது கொஞ்சம் சோம்புகிறது. நான்கு மாதக் கரியைத் தின்றதாக இருக்கலாம். இந்த முறை கடைக்குப் போகுமுன் அதன் வயரை அளக்கப் போகிறேன்.